நன்றி என்றால் வேண்டாம்

சொய்லாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. வாய் கொஞ்சமும் வடியவில்லை. போன வாரம் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வழுக்கி விழுந்தவளைத் தூக்க ஓடி வந்த ராஸ்முஸிடம், "என்னை விடு, மொதல்ல முட்டையப் பாரு" என்று கத்தியவள் அவள். அப்படிப்பட்டவளை ஒரு வாரம் நாற்காலியில் உட்கார வைத்தால் வீடு என்ன பாடு படும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரூமிலோமா மலைச்சரிவில் சொய்லாவுக்குக் கொஞ்சம் நிலம். ரசாயன மருந்து படாத காய்கறி. கணவன் அவ்ரேலியோ நியூயார்க்கில் கூரை போடப் போனவன். ஞாயிறுதோறும் போனில் வந்த குரல் வரவர மெலிந்து, போன தவக்காலத்தோடு நின்றே போயிற்று. ஆள்பலம் இல்லாத அந்த வீட்டுக்கு மகள் நார்சிசா கண்டுபிடித்த வழிதான் வெளிநாட்டுத் தொண்டர்கள். படுக்க இடமும் வேளைக்குச் சாப்பாடும் கொடுத்தால் போதும், வந்து வயலில் இறங்கிவிடுவார்கள்.

இப்போது இருப்பவர்கள் இரண்டு பேர். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முஸ் ஒரு நாள்கூட வாசல் நிலையில் தலையை இடிக்காமல் உள்ளே வந்ததில்லை. கியூபெக்கில் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒடீல், சொய்லாவைவிட மூத்தவள். ஆனால் கிழங்கு தோண்ட இறங்கினால் யாரையும் முந்த விடமாட்டாள்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

விடிந்தும் விடியாத நேரம். வாசலில் நின்ற வேனில் கேரட்டும் கீரைக்கட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

"நீ சந்தைக்குப் போகாத. வாய்க்காலுக்குப் போ," என்றாள் சொய்லா, நாற்காலியில் இருந்தபடியே.

"போன வாரமே கடை போடலம்மா. இன்னிக்கும் போடலேன்னா நம்ம எடத்த வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"அப்ப நான் போறேன்."

"எப்படி? உருண்டுகிட்டா?"

சிரிக்கிற விஷயம் இல்லை இது. அன்றைக்கு மிங்கா. ஊரே திரண்டு வாய்க்காலைத் தூர்வாரும் நாள். வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். தொடர்ந்து மூன்று மிங்காவுக்கு ஆள் அனுப்பாத வீட்டுக்கு மடை திறக்கமாட்டார்கள். சொய்லா வீட்டிலிருந்து ஏற்கெனவே இரண்டுக்கு யாரும் போகவில்லை. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை சந்தை. இது மூன்றாவது. ஆகஸ்டு மாதத்துக் காற்று மண்ணை உறிஞ்சிக்கொண்டிருந்தது. முறைத்தண்ணீர் நின்றால் விதைத்த கேரட் அத்தனையும் போச்சு, கேரட் போனால் சந்தையும் போச்சு.

தண்ணீர்ச் சங்கத் தலைவர் யார் தெரியுமோ? அவ்ரேலியோவின் அண்ணன் செகுண்டோ. சொய்லா மருந்து தெளிப்பதை நிறுத்திய நாளிலிருந்து, ஊரில் இருக்கும் புழு பூச்சியெல்லாம் அவள் வயலில்தான் பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர்.

"வீட்டுல முழுசா ரெண்டு பேரு இருக்காங்களேம்மா," என்றாள் நார்சிசா. "ராஸ்முஸ் ஒருத்தனே மூணு ஆளு. அவங்கள அனுப்புவோம்."

"அவங்க நம்ம வீட்டாளுங்களாடி?"

"நம்ம வீட்டுல தூங்குறாங்க, நம்ம வீட்டுல திங்குறாங்க, நம்ம வீட்டுக் கக்கூஸ அடைச்சு வைக்கிறாங்க. இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

வேன்காரன் ஹாரன் அடித்தான். சொய்லா சரியென்று கையை ஆட்டினாள்.

நார்சிசா பரபரவென்று மதியச் சாப்பாடு கட்டினாள். ஒடீலுக்குக் கறி ஆகாது. ராஸ்முஸுக்கு மொச்சை ஆகாது. எனவே ஆளுக்கொரு டப்பா, மூடிமேல் பெயர். குயென்கா பட்டணத்தில் படித்த பெண் அல்லவா, எல்லாம் கச்சிதம்.

அந்த டப்பாக்களை சொய்லாவும் பார்த்தாள். பார்த்தும் உறைக்கவில்லை. கால்வலியும் தண்ணீர்க் கவலையும் மண்டையை அடைத்துக்கொண்டிருந்தன. அவளை நான் மன்னித்துவிட்டேன். நார்சிசாவை மன்னிக்கத்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நாங்கள் மிகச் சிறப்பாகத் தோண்டுவோம், அம்மையாரே," என்றான் ராஸ்முஸ். புத்தகத்தில் படித்த மொழி அப்படித்தான் வரும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவன், வழக்கம்போல நிலையில் இடித்துக்கொண்டான்.

மதியம் நார்சிசா வெறும் கூடைகளோடு திரும்பினாள். முகமெல்லாம் பூரிப்பு. "கீரை மொத்தமும் காலிம்மா! கேரட் இன்னும் இல்லையான்னு சண்டைக்கே வந்துட்டாங்க."

சொய்லா மகளை இழுத்து நெற்றியில் முத்தம் வைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது. மேட்டில் நின்று பேசுவது பக்கத்து நிலத்து எர்மெலிந்தா. வாய்க்கால் ஓரத்தில் அந்த ஒரு மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும்.

"ஏடி சொய்லா! உன் வெள்ளைக்காரங்களுக்கு நம்ம சோறு நாறுதாமா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது, அதையும் சொல்லிடுறேன். அந்த நெட்டையன் ஒத்த ஆளா பாறாங்கல்லப் புரட்டிட்டான். அந்தம்மா கையில கொப்புளம் வந்தும் மண்வெட்டிய விடல. நாங்கல்லாம் வாயப் பொளந்துட்டோம். அப்புறம் சாப்பாட்டுக்குத் துணி விரிச்சோம். எல்லா வீட்டுக்காரியும் கொண்டாந்தத நடுவுல கொட்டினோம். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? தள்ளிப் போயி ஆளுக்கொரு கல்லு மேல உக்காந்து, ஆளுக்கொரு டப்பாவத் தொறந்தாங்க!"

சொய்லாவின் கை தலைக்குப் போயிற்று.

"பாவமேன்னு நானே போயிக் கூப்பிட்டேன். 'சோளம் எடுத்துக்கோங்க'ன்னேன். 'நன்றி'ன்னாங்க. கெழங்க நீட்டினேன். 'நன்றி'. சீஸ நீட்டினேன். 'மிக்க நன்றி'! சொல்றப்ப மூஞ்சியெல்லாம் சிரிப்பு வேற!"

"ஐயோ, ஆண்டவரே."

"உங்க அத்தான் செகுண்டோ என்ன சொன்னாரு தெரியுமா? 'துணியில ஒண்ணுமே கொட்டாத வீடு வரவே இல்லேன்னுதான் அர்த்தம். சாயங்காலம் வந்த வீட்டையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடறப்ப பாத்துக்கறேன்'னுட்டாரு. வேற எவ இருந்தா உனக்குப் போன் பண்ணுவா? வெச்சுடறேன்."

மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பிடச் சொல்லி நீட்டும்போது 'நன்றி' என்றால், வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று பொருள். வேண்டும் என்கிறவர்கள், கொடுப்பவருக்கு ஆண்டவர் திருப்பித் தரட்டும் என்ற பொருளில், 'ஆண்டவர் தரட்டும்' என்று சொல்லிக் கையேந்தி வாங்குவார்கள். சொய்லா வீட்டு மேசையில் தட்டுத் தட்டாக வைத்துவிடுவதால் இந்த ஒரு மாதத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பக்கத்தில் நின்று எல்லாம் கேட்ட நார்சிசாவின் முகம் செத்துப்போயிற்று. "நான்தாம்மா டப்பா கட்டினேன். பம்பாமேசாங்கிறதே எனக்கு மறந்துபோச்சும்மா."

துணி விரித்து ஊரே ஒன்றாகச் சாப்பிடுவதற்கு அதுதான் பெயர். பட்டணத்து ஹாஸ்டலில் நாலு வருஷம் டப்பாவில் சாப்பிட்டவளுக்கு அது மறந்திருந்தது.

"நானும்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அழாத. அழுதா தண்ணி வராது. அந்தப் பெரிய பானைய எறக்கு."

பானையில் அவித்த மக்காச்சோளம் ஏறியது. மேலே கிழங்கும் மொச்சையும். ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்த, கூய் என்கிற சுட்ட கினிப்பன்றி இரண்டும், இருந்த சீஸ் முழுக்கவும், மிளகாய்த் துவையலும் மூட்டையாயின. அலமாரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த மேசை விரிப்பையும் சொய்லா உருவினாள்.

"அம்மா, கால்..."

"கால் என்னோடது. நீ பானையத் தூக்கு."

நார்சிசா பானையைச் சால்வையில் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டாள். சொய்லா ஒரு கையில் கம்பும் மறுகையில் மகளின் தோளுமாக மேட்டில் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போயிற்று. அவள் பயந்துதான் போயிருந்தாள். ஆனால் அந்தப் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்ததால் கால் நடந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். செகுண்டோ தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"சாப்பாடு முடிஞ்சுதும்மா சொய்லா."

"எனக்கு முடியலையே அத்தான்."

விரிப்பைப் புல்லில் போட்டாள். நார்சிசா பானையைக் கவிழ்த்தாள். ஆவி பறக்கும் சோளம் வெள்ளை வெளேரென்று குவிந்தது. அதன்மேல் கிழங்கு, மொச்சை, சீஸ், கூய். ஒருவரும் உட்காரவில்லை.

"எல்லாருக்கும் வயிறு முட்ட இருக்கு," என்றார் ஒரு பெரியவர், சங்கடமாக.

ராஸ்முஸ் எழுந்து வந்தான். "நாங்கள் ஏதேனும் பிழை செய்துவிட்டோமா?"

நார்சிசா ஆங்கிலத்தில் வேகவேகமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க ஒடீலின் முகம் சிவந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் டப்பாவை எடுத்து, பாதி கடித்த ரொட்டியோடு சேர்த்து விரிப்பின் நடுவே கவிழ்க்கப் போனாள். நார்சிசா பாய்ந்து தடுத்தாள். கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

ஒடீல் விடுகிற ஆளா? இரண்டு கையாலும் சோளத்தை அள்ளினாள். கொப்புளம் உடைந்த கைகள். நேராகச் செகுண்டோவிடம் போய் நீட்டி, புதிதாகக் கற்ற வார்த்தையை ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"ஆண்டவர் தரட்டும்!"

வாங்குகிறவர் சொல்ல வேண்டியதைக் கொடுக்கிறவள் சொன்னால் எப்படி இருக்கும்? எர்மெலிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவருக்குத் தர்றதுக்கு ஆண்டவரையே கூப்பிடுறாப் பாருடி!"

செகுண்டோ மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அவர் வயிற்றில் இடமில்லை என்பது தொப்பையைப் பார்த்தாலே தெரிந்தது.

"எடுத்துக்கோங்க அத்தான்," என்றாள் சொய்லா, தேன் ஒழுக. "இல்ல, நீங்களும் நன்றிதானா?"

அடேயப்பா, அந்த மனிதர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! சாப்பாட்டு நேரத்திலிருந்து எந்த வார்த்தைக்காக இந்த இருவரைக் கரித்துக்கொட்டினாரோ, அதே வார்த்தையை அவர் வாயால் எப்படிச் சொல்வார்? தொப்பியைக் கழற்றினார். கையேந்தினார்.

"ஆண்டவர் தரட்டும்," என்றார் மெல்ல. வாயில் போட்டு மென்றார்.

அவ்வளவுதான். தலைவர் தின்ற பிறகு மற்றவர் நிற்க முடியுமா? முனகிக்கொண்டும் ஏப்பம் விட்டுக்கொண்டும் ஊரே இரண்டாம் தடவை உட்கார்ந்தது. ராஸ்முஸும் தரையில் மடங்கி உட்கார்ந்து, நீட்டியவர்களிடமெல்லாம் 'ஆண்டவர் தரட்டும்' சொல்லி வாங்கித் தின்றான். தனக்கு ஆகாத மொச்சையை மட்டும் நைசாக எர்மெலிந்தாவின் நாயிடம் தள்ளினான்.

பிற்பகல் முழுக்க வேலை நடந்தது. சொய்லா கரையில் உட்கார்ந்தபடியே பாசி கழித்தாள். மேல்மடையைத் திறந்ததும் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடியது. அவள் குனிந்து அதில் கையை நனைத்துக்கொண்டாள்.

மாலையில் செகுண்டோ மடை ஓரத்துக் கல்மேல் ஏறி நின்றார். அவருக்குத் தாள் எதுவும் வேண்டாம். மேல்மடையிலிருந்து கீழே வரை எல்லா வீட்டையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார்.

"எர்மெலிந்தா வீடு!"

"இருக்கு!"

"அவ்ரேலியோ வீடு!"

பதில் இல்லை.

நார்சிசா அம்மாவை இடித்தாள். "அம்மா, நம்மளத்தான்."

"என் பேரு அவ்ரேலியோவா?"

"அம்மா, வேணாம். தண்ணி வர்ற நேரத்துல..."

செகுண்டோ குரலை உயர்த்தினார். "அவ்ரேலியோ வீடு! வந்திருக்கா, இல்லையா?"

சொய்லா கம்பை ஊன்றி எழுந்தாள். "அவ்ரேலியோ வரல அத்தான். எத்தனையோ வருஷமா வரல. நான் வந்திருக்கேன்."

"ஏதோ ஒண்ணு. நீ வந்துட்ட இல்ல? பேர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா மாத்திக் கூப்பிடுங்க. மிங்காவுக்கு வரலேன்னு திட்டறப்ப சொய்லா. பூச்சி வந்தா சொய்லா. தண்ணி விடறப்ப மட்டும் அவ்ரேலியோவா?"

இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தண்ணீர் கையில். கிடைத்ததைக் கடைசி நேரத்தில் இந்த அம்மா கவிழ்த்துவிடப் போகிறாள் என்று நார்சிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதே சமயம் அம்மாவை அவளுக்கு அப்படிப் பிடித்தது, கையை இறுக்கிப் பற்றிக்கொண்டாள்.

"சரியாத்தான கேக்குறா," என்றாள் எர்மெலிந்தா. "என் புருஷன் செத்த மறுமாசமே என் பேரச் சொன்னீங்க. இவ அதுக்காக அவனக் கொல்லணுமா?"

சிரிப்பு எழுந்தது. செகுண்டோ சிரிக்காமல் சொய்லாவையே பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்து, முழுங்கினார். பிறகு அடுத்த மலைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"சொய்லா வீடு!"

"இருக்கு!" அம்மா, மகள், ஒடீல் மூன்று பேரும் ஒரே குரலில். ஒரு நொடி பிந்தி ராஸ்முஸ், "உள்ளது!" என்றான்.

திரும்பும் வழியில் செகுண்டோ அவர்களை எட்டிப் பிடித்தார். தொப்பி கையில் இருந்தது.

"சொய்லா. பேர மாத்திட்டேன், சரி. ஆனா அவன்கிட்ட நீதான் சொல்லணும். எனக்குத் தெம்பு இல்ல."

"எவன்கிட்ட?"

"தம்பிகிட்ட. முந்தாநேத்து கூப்பிட்டான். டிக்கெட் போட்டுட்டானாம். வெள்ளிக்கிழமை வர்றான். உன்கிட்டப் பேச பயமா இருக்குன்னான். அதான் அவன் பேர எடுக்க எனக்கு மனசு வரல."

சொய்லா நின்றுவிட்டாள். முதலில் வந்தது கோபம். அதன் பின்னாலேயே சந்தோஷமும் வந்ததில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

செகுண்டோ போன பிறகும் நார்சிசா அசையாமல் நின்றாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள். "அப்பா வந்தா எங்கம்மா படுப்பாரு?"

சொய்லா கம்பை மாற்றிப் பிடித்து நடக்கத் தொடங்கினாள்.

"மாடியில ராஸ்முஸ் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்குல்ல, அங்க. காலையில அஞ்சு மணி நேரம் வேலை. சாப்பாடு நம்ம பொறுப்பு. இங்க வர்ற எல்லாருக்கும் என்ன சட்டமோ, அதேதான் அவருக்கும்."

"எத்தன நாளைக்கும்மா?"

"மொதல்ல ரெண்டு வாரம். வேலை எப்படி செய்யறாருன்னு பாப்போம்."